பாறையனின் ஒற்றளபெடை

3 ஜூன் 2024, திங்கள்

இந்தக் குறிப்பேட்டை நான் விரும்பித் தொடங்கவில்லை. பதிப்பாசிரியர் பெனசீர் கேட்டுக்கொண்டாள். மொழிபெயர்க்கும்போது எழும் ஐயங்களை நாள்தோறும் எழுதி வைத்தால் பின்னுரைக்கு உதவுமாம். எழுபத்து நான்கு வயதில் வீட்டுப்பாடம்.

வேலை இதுதான். ‘இவாவோ’ என்ற ஜப்பானியப் படக்கதை, நான்கு தொகுதிகள். போருக்குப் பின், துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களைத் தூக்குவதற்காக ஒரு பொறியாளர் ஐம்பதடி உயர இரும்பு மனிதனைச் செய்கிறார். அவர் இறந்ததும், இயக்கும் பெட்டி அவருடைய பத்து வயது மகள் சிஸுவின் கைக்கு வருகிறது. அவள் இடுகிற கட்டளைக்கெல்லாம் இரும்பு மனிதனின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரே ஒலி எழும்: ‘ம்.’ வேறு வசனம் கிடையாது. அறுபதுகளில் வாரப் பத்திரிகையில் வெளிவந்து, பிறகு மூன்று முறை திரைக்குப் போனது. முதலில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொடர். யாரோ ஒரு பாவப்பட்ட மனிதர் தகரக் கவசத்துக்குள் புகுந்து அட்டைக் கப்பல்களை மிதித்தார். அடுத்தது எழுபதுகளின் வண்ணக் கார்ட்டூன். சென்ற ஆண்டு ஒரு பெரும்படம். அதில் இரும்பு மனிதன் இரண்டரை மணி நேரம் தத்துவம் பேசுகிறது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

கார்ட்டூனை 1994-இல் தமிழாக்கியது நான். ‘இவாவோ’ என்பதில் பாறை என்ற பொருள் இருப்பதால் ‘பாறையன்’ என்று பெயரிட்டேன்.

“மேடம், அஞ்சு வயசுல உங்க பாறையனைப் பார்த்துத்தான் சோறே தின்பேன்” என்றாள் பெனசீர்.

“சோற்றைப் பார்த்துத் தின்றிருக்கலாம்” என்றேன்.

5 ஜூன், புதன்

கண் மருத்துவர். சொட்டு மருந்து இன்னும் ஒரு மாதம். முதல் தொகுதியில் பன்னிரண்டு பக்கங்கள்.

9 ஜூன், ஞாயிறு

பெனசீர் தொலைபேசியில் அழைத்தாள். வெளியீட்டு விழாவுக்குப் பாறையனின் குரலைக் கூப்பிட வேண்டுமாம். யார் என்று கேட்டாள்.

“எம். தேசிங்கு. சாலிகிராமம். தபால் நிலையத்துக்குப் பின் தெரு, மாடியில் பச்சைக் கம்பி போட்ட வீடு.”

“எப்படி மேடம் இவ்ளோ ஞாபகம்?”

ஞாபகம் என் தொழில் என்று சொன்னேன். முப்பது வருடம் மாணவர்களுக்கு ஜப்பானியமும் அதன் சீன எழுத்துகளும் கற்பித்தவளுக்கு ஒரு கம்பியின் நிறம் பெரிதல்ல.

தேசிங்கு செஞ்சிக்காரர், நாடகத்திலிருந்து வந்தவர். மற்ற நடிகர்கள் பக்கம் பக்கமாகப் பேசிய இடத்தில், இருபத்தாறு பகுதிகளுக்கும் அந்த ஒற்றை ‘ம்’மை மட்டும் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் ஒரு ‘ம்’, காயம்பட்டு ஒரு ‘ம்’, சிஸு பிறந்தநாளுக்குப் பொம்மை கேட்டபோது வெட்கத்துடன் ஒரு ‘ம்’. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘டீச்சரம்மா’ என்றே அழைத்தார். கடைசிப் பகுதிக்குப் பின் சந்திக்கவில்லை. குறிப்பிடத்தக்க காரணம் ஏதுமில்லை. வேலை முடிந்துவிட்டது.

நானே நேரில் போய் அழைக்கிறேன் என்று பெனசீரிடம் சொன்னேன். இளையவர்களுக்குப் பெரியவர்களை அழைக்கத் தெரிவதில்லை.

16 ஜூன், ஞாயிறு

சாலிகிராமம் சென்று வந்தேன். கம்பிக்கு இப்போது சாம்பல் வண்ணம். நான் கஞ்சி போட்ட சேலை கட்டிப் போனது வெயிலுக்காக.

தேசிங்குவுக்கு எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம். வலப்பக்கம் அசைவதில்லை, இடக்கையைத் தூக்கவும் வலுவில்லை. கழுத்து சாய்ந்தே இருக்கிறது, தலையாட்டவும் இயலாது. பேச்சு போய்விட்டது. முன்னறையில் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். சவரம் செய்து, சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தார்கள். மருமகள் புவனா நன்றாகவே கவனித்துக்கொள்கிறாள்.

மகன் மதியழகன் விளக்கினான். அவனுக்குப் புனேவுக்கு மாற்றலாகிவிட்டது. இந்த மாத முடிவில் கிளம்புகிறார்கள். அப்பாவைச் செங்கல்பட்டுக்கு அருகில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு.

“புனே குளிரு, புது இடம், மூணாவது மாடி. டாக்டர் வேற மூளையில பாதி பழுதுன்னுட்டாரு. ஆனா எதைக் கேட்டாலும் ‘ம்’ கொட்டுவாரு, டீச்சரம்மா. அதனால அவரைக் கேக்காம நான் எதையும் முடிவு பண்ணலை. நீங்களே பாருங்க.” குனிந்து, “அப்பா, செங்கல்பட்டு போறீங்கல்ல? அங்க இருக்கீங்கல்ல?” என்றான்.

“ம்ம்ம்” என்றார் தேசிங்கு. நீளமாக.

“பாத்தீங்களா? இதுக்கு முன்னாடியே மூணு தரம் கேட்டாச்சு. ஒவ்வொரு தரமும் இப்படித்தான் இழுத்து இழுத்துச் சொல்றாரு. எங்கள விட்டுப் போறதுல ஒரு வருத்தம், அதான் இழுக்குது. ஆனா சம்மதம்தான். இல்லையா?”

அவன் உண்மையிலேயே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனம் துணியாத மனிதன் அடுத்தவர் சொல்லுக்குக் காத்திருப்பது எனக்குத் தெரியாததன்று.

“தெளிவாத்தானே சொல்றார். ஆமான்னு” என்றேன்.

அவன் தோள்கள் இறங்கின. “நீங்க சொன்னா சரி. அப்பா சொல்வாரு, டீச்சரம்மா காது தங்கக் காதுன்னு.”

தேசிங்கு என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். படுக்கையில் இருப்பவர்கள் ஜன்னலைப் பார்ப்பது இயல்பு.

விழாவைப் பற்றிப் பேசவில்லை, பயனில்லை.

மாம்பலத்திலிருந்து செங்கல்பட்டுக்கு நேரே மின்சார ரயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டே முக்காலுக்கு ஒன்று, கூட்டமிருக்காதாம். தகவலுக்காகக் குறித்து வைக்கிறேன்.

20 ஜூன், வியாழன்

எரிவாயு உருளை வந்தது. இரண்டாம் தொகுதி முடிந்தது, மூன்றாவது நடக்கிறது. நான்காவது இன்னும் ஜப்பானிலிருந்து வந்து சேரவில்லை.

ஓர் ஐயம். ஜப்பானிய வினைக்குத் திணையில்லை. ‘வந்தது’, ‘வந்தான்’ என்ற தொல்லை அவர்களுக்குக் கிடையாது. தமிழில் இரும்பு மனிதன் ஓரடி எடுத்து வைத்தாலே, அவன் உயர்திணையா அஃறிணையா என்று நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 1994-இல் யோசிக்காமல் ‘அவன்’ என்றேன். இப்போது ‘அது’ என்று தொடங்கி, எங்கேயோ ஓரிடத்தில் ‘அவன்’ ஆக்க நினைக்கிறேன். எங்கே என்பதுதான் கேள்வி.

பெனசீரிடம் சொன்னேன். அவளுக்குக் கவலை வேறு.

“எதை வேணா மாத்துங்க மேடம், கடைசி டயலாக்கை மட்டும் தொடாதீங்க. எங்க ஆபீஸ்ல பிரிண்டர் நின்னாக்கூட எல்லாரும் ‘ஐயோ, பாறையன் பழுதாயிட்டானே’ன்னுதான் கத்துவோம்.”

அந்த வசனத்தின் கதையை எழுதி வைக்கிறேன். கடைசிப் பகுதியில் புயல். கலங்கரை விளக்கம் சரிந்து, சிஸுவின் கால் தூணுக்கடியில் சிக்கிக்கொள்கிறது. கடல் ஏறுகிறது. ‘நீயாவது பிழைத்துக்கொள், ஆழ்கடலுக்குப் போய்விடு’ என்று பெட்டியில் கட்டளையிடுகிறாள். இரும்பு மனிதன் வழக்கமான ‘ம்’முக்குப் பதிலாக நீண்ட ஒலி ஒன்றை எழுப்பிவிட்டு, போகாமல் அங்கேயே நிற்கிறது. அலைக்கு முதுகைக் கொடுத்து, விடியும்வரை. அவள் பிழைக்கிறாள், அது துருப்பிடித்து நின்றுவிடுகிறது.

எங்களுக்கு அனுப்பிய வசனப் பட்டியலில் இரும்பு மனிதனின் ஒலிகளை எழுத்தில் தரவில்லை. ‘ஒலி’ என்று மட்டும் இருந்தது. தேய்ந்த நாடா, பின்னணியில் புயல் இரைச்சல். அந்த நீண்ட ஒலியை ‘ஆம்’ என்றே எடுத்துக்கொண்டேன். ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு ஏன் போகவில்லை? பழுதாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு அடுத்து சிஸு சொல்வதாகப் பட்டியலில் ‘முட்டாள்’ என்ற ஒரே சொல் இருந்தது. பொருந்தவில்லை. ‘ஐயோ, பழுதாயிட்டியே!’ என்று நானே எழுதினேன். வாயசைவுக்கும் சரியாக இருந்தது.

தேசிங்கு ஒலிவாங்கி முன் நின்று, “டீச்சரம்மா, இது ஆமாம் இல்ல. இவன் மாட்டேங்கிறான்” என்றார்.

“இத்தனை நாள் மாட்டேன்னே சொல்லாதவன், இப்ப ஏன் சொல்லணும்?”

“அதனாலதான் இவ்ளோ இழுக்குது. நடுவுல வளையுது பாருங்க, கீழ போயி மேல வருது. கேளுங்களேன்.”

“தேசிங்கு, ஜப்பானியம் படிச்சது நீங்களா, நானா?”

ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர் தலையைக் குனிந்து, நாடாவில் கேட்டது போலவே அச்சாகச் சொல்லி முடித்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

27 ஜூன், வியாழன்

நான்காம் தொகுதி காலையில் வந்தது. கடைசி அத்தியாயத்தை முதலில் திறந்தேன். மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத செயல்.

படக்கதையில் ஒலிகளுக்கும் எழுத்து உண்டு. நூற்று எண்பதாம் பக்கம், முழுப் பக்கப் படம். புயல், சரிந்த கோபுரம், இரும்பு நெஞ்சு. அதன் மேல் மூன்றே எழுத்துகள்.

ஜப்பானியத்தில் ‘உன்’ என்றால் ஆம். ‘உஉன்’ என்றால் இல்லை, மாட்டேன். இடையில் ஒரே ஓர் எழுத்து கூடுகிறது. முதலாண்டு மாணவனுக்கு முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பது. வாய் மூடிச் சொன்னால் இரண்டும் ‘ம்’ போலத்தான் கேட்கும். ஒன்று குறுகும், மற்றது நீண்டு வளையும். நம் இலக்கணத்தில் மெய் நீண்டு ஒலித்தால் ஒற்றளபெடை என்போம். நமக்கு அது ஓசை நிறைக்க. அவர்களுக்கு அது பொருளையே புரட்டிப் போடும்.

அடுத்த கட்டத்தில் சிஸு அழுதுகொண்டே சிரிக்கிறாள். “முட்டாள்.”

பழுதே இல்லை. நான்கு தொகுதிகளில் அது முதன்முதலாகச் சொன்ன ‘மாட்டேன்’. நான் அதைப் பழுது என்று தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் அறிவித்திருக்கிறேன்.

தேசிங்கு சொன்னது சரி.

இதை எழுதிவிட்டுக் காபி போட எழுந்தேன். பால் பொங்கி வழிந்தது. அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

‘ம்ஹும்’ சொல்ல தொண்டைக்குள் காற்றை வெட்ட வேண்டும். பக்கவாதம் வந்தவரால் அது முடியாது. தலையாட்டவும் முடியாது. அவரிடம் மிச்சமிருப்பது ஒரு ‘ம்’. அதை நீட்டலாம், வளைக்கலாம். இருபத்தாறு வாரங்கள் அதை மட்டுமே பயின்றவர்.

மூன்று முறை மகனிடம் சொல்லியிருக்கிறார். நான்காவது முறை என் முன்னால். நான் கேட்டுவிட்டு, ‘ஆமான்னு தெளிவாச் சொல்றார்’ என்றேன்.

மதியழகன் தொலைபேசியை எடுக்கவில்லை. புவனா எடுத்தாள். செங்கல்பட்டு இல்லத்து வண்டி ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமையே வருகிறதாம்.

28 ஜூன், வெள்ளி

ஆட்டோவில் போனேன். வீடெங்கும் அட்டைப் பெட்டிகள். தேசிங்குவின் துணிகள் தனியாக ஒரு பையில். நேரே கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மதியழகனையும் புவனாவையும் கூப்பிட்டேன்.

“ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. முகத்தைப் பார்த்தா காது வேலை செய்யாது.”

“என்ன ஆச்சு, டீச்சரம்மா?”

“அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். கேளுங்க.” அவர் பக்கம் திரும்பினேன். “உங்க பேர் தேசிங்குதானே?”

“ம்.”

“ஊர் செஞ்சி?”

“ம்.”

“ஊர் கும்பகோணம்?”

“ம்ம்ம்.” கீழே போய் மேலே வந்தது.

மதியழகன் கண்ணைத் திறந்தான். “ரெண்டும் ஆமாம் மாதிரிதானே இருக்கு. கும்பகோணத்துல அவரு நாடகம் போட்டிருக்காரு…”

“கண்ணை மூடுங்க. தேசிங்கு, நான் ஆம்பளையா?”

“ம்ம்ம்.”

புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டேன்: “உங்க மருமக போடற காபி நல்லா இருக்கா?”

நீளமாக, முன்னைவிட நீளமாக, தெளிவாக வளைந்து வந்தது.

“மாமா!” என்றாள் புவனா. “எட்டு மாசமா ‘காபி இன்னும் வேணுமா மாமா, நல்லாருக்கா மாமா’ன்னு கேக்குறேன், நீங்க ‘ம்ம்ம்’ங்கிறீங்க, நான் இன்னும் அரை டம்ளர் ஊத்துறேன்!”

தேசிங்குவின் இடப்பக்க உதடு ஏறியது. அந்த வீட்டில் எட்டு மாதங்களாக யாரும் அதைப் பார்க்கவில்லை என்பது அவர்கள் இருவரும் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

மதியழகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனே கேட்டான். “அப்பா, செங்கல்பட்டு போறீங்களா?”

“ம்ம்ம்.”

“மூணு தரமும் வேணாம்னுதான் சொன்னீங்களாப்பா?”

“ம்.”

அவன் அழுததைப் பற்றி எழுதத் தேவையில்லை. சிறிது நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எங்கப்பா இருப்பீங்க? இங்கயே ஆள் வச்சு இருக்கீங்களா?” என்றான்.

இந்த இடத்தில் நான் எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். அங்கிருந்துதான் குரல் தெளிவாகக் கேட்கும் என்பதால்.

“ம்ம்ம்” என்றார்.

“புனேக்கு எங்ககூட வர்றீங்களா? மூணாவது மாடிப்பா. குளிரும்.”

“ம்.”

குறுகிய ‘ம்’. ஒரு வளைவும் இல்லை. ஐயத்துக்கு இடமில்லை. மதியழகன் என்னைப் பார்த்தான். இந்த முறையும் என் வாய்க்காகத்தான் காத்திருந்தான்.

“ஆமாம்னு சொல்றார்” என்றேன். “வண்டிக்காரனுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லுங்க.”

அவர்கள் இருவரும் உள்ளே போன பிறகு நாற்காலிக்குத் திரும்பினேன். சொல்ல வந்ததைச் சொன்னேன். “தொண்ணூத்து நாலுல நீங்க சொன்னதுதான் சரி. அது மாட்டேங்கிறதுதான். நேத்துப் புத்தகத்துல பார்த்தேன்.”

“ம்” என்றார். தெரியும் என்ற ‘ம்’. அதில் ‘முப்பது வருஷமா தெரியும்’ என்பதும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஒற்றெழுத்துக்கு இத்தனை பொருள் காண்பது இலக்கணமாகாது.

புவனா காபி கொண்டுவந்தாள். அவர் கருத்து சரியானதே.

4 ஜூலை, வியாழன்

பெனசீரிடம் பின்னுரையைக் கொடுத்தேன். ‘1994-ஆம் ஆண்டுத் தமிழ் ஒலிப்பதிவின் இறுதிக் காட்சி பிழையானது. பிழை மொழிபெயர்ப்பாளருடையது. நடிகர் எம். தேசிங்கு அதை அன்றே சுட்டினார், மொழிபெயர்ப்பாளர் ஏற்கவில்லை. அவருடைய குரலில் பிழையில்லை. பழைய நாடா கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.’

“மேடம், ‘பழுதாயிட்டியே’ இல்லன்னா ஜனங்க சண்டைக்கு வருவாங்க. இதையாவது கொஞ்சம் மிருதுவா எழுதலாமே. ‘ஒலித்தரம் காரணமாக’ன்னு?”

“ஒலித்தரம் அவருக்கும் அதேதான் இருந்தது.”

அவள் மறுபடி படித்தாள். “அப்ப சிஸு என்ன சொல்றா?”

“மக்கு.”

“வெறும் மக்கா?”

“அன்போட சொல்லும்போது தமிழில் வேறென்ன சொல்வோம்?”

இரும்பு மனிதன் ‘அது’விலிருந்து ‘அவன்’ ஆகும் இடமும் முடிவாகிவிட்டது. நூற்று எண்பதாம் பக்கம். அதுவரை ‘நின்றது’. ‘மாட்டேன்’ என்ற பிறகு ‘நின்றான்’.

14 ஜூலை, ஞாயிறு

தேசிங்குவையும் அழைத்துப் போவதற்காக இரண்டு வாரம் தள்ளிவைத்த பயணம். அவர்கள் காலை விமானத்தில் கிளம்பினார்கள். விமான நிலையத்துக்குப் போகவில்லை. சக்கர நாற்காலி, பெட்டிகள், நான் வேறு குறுக்கே எதற்கு. கண் மருத்துவர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். மூன்றாம் தொகுதியில் மெய்ப்புத் திருத்தினேன். எட்டே முக்கால் ரயில் ஓடியிருக்கும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

அச்சுப் பிரதி வந்தது. அட்டையில் நீலம் சற்று அதிகம்; சொன்னால் பெனசீர் வருந்துவாள், இருந்தாலும் சொன்னேன்.

பதினோரு மணிக்கு மதியழகன் காணொளியில் அழைத்தான். புத்தகம் அங்கேயும் வந்திருக்கிறது. அப்பாவுக்கு நூற்று எண்பதாம் பக்கத்தைக் காட்டினானாம். ‘ம்ம்ம்’ என்று பக்கத்தைத் திருப்பவே விடவில்லையாம். பிறகு கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். பொருந்தவில்லை.

“குளிர் தாங்குதா?”

“ம்.”

“காபி?”

“ம்ம்ம்.” பின்னாலிருந்து புவனாவின் குரல்: “கேக்குது மாமா, கேக்குது!”

வேறு கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மதியழகன் கை வலிக்கிறதென்று கைபேசியை மாற்றிப் பிடித்தான்.

“இந்த டீச்சரம்மா தொல்லை ஒழிஞ்சதுன்னு நிம்மதியா இருக்கீங்களா?” என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பதில் வந்தது. நீளமாக. கீழே போய், மேலே வந்தது.

இந்த முறை எனக்குச் சரியாகக் கேட்டது.